கடையின் கணினிப் பேரேடும் கடவுச்சொற் காவலும்

முன்னாட்களில் ஒரு கடையின் உயிர்நிலை அதன் பேரேடு. பெட்டியடியில் அமர்பவரைத் தவிர வேறொருவர் அதைத் தொடமாட்டார். இரவானால் அது இரும்புப் பெட்டிக்குள் போய்விடும். இக்காலத்தில் நம் வணிகர்களிற் பலர் துணிமணி, மசாலைச் சாமான், அத்தர், புத்தகம் முதலியவற்றை இணையத்திலும் விற்கின்றனர். வாடிக்கையாளர் தம் பெயர், முகவரி, கடவுச்சொல் ஆகியவற்றைத் தந்து கணக்குத் திறக்கிறார். இவையெல்லாம் சென்று சேருமிடம் டேட்டாபேஸ் எனப்படும் தரவுத்தளம். அதுவே இன்றைய பேரேடு. ஆனால் அது எங்கே இருக்கிறது, அதன் சாவி யார் கையில் என்று கேட்டால், "தம்பிதான் செய்து கொடுத்தான், அவனைத்தான் கேட்க வேண்டும்" என்று சொல்லும் முதலாளிகள் அநேகர்.

நிரல் எழுதக் கற்பிப்பது இப்பாடத்தின் நோக்கமன்று. எழுதிக் கொடுத்தவரிடம் எதைக் கேட்பது, அவர் சொல்லும் பதில் சரிதானா என்று அறிவது எவ்வாறு என்பதை மட்டும் இங்கே பார்ப்போம். வாடிக்கையாளர் நம்மிடம் தருகிற கடவுச்சொல் பெரும்பாலும் நம் கடைக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. அதே சொல்லையே அவர் மின்னஞ்சலுக்கும், சிலர் வங்கிக்குங்கூட, வைத்திருக்கக்கூடும். முப்பது வெள்ளிச் சாமான் வாங்க வந்தவர் தம் வீட்டுச் சாவியின் அச்சையே நம்மிடம் விட்டுப்போகிறார். அது அமானிதப் பொருள்.

முதலில் இணைப்பைக் கவனிப்போம். வாடிக்கையாளர் தம் கைபேசியில் காண்பது கடையின் முகப்பு. அதற்குப் பின்னால், சர்வர் எனப்படும் கணினியில், பி.எச்.பி. போன்ற மொழியில் எழுதிய நிரல் இயங்குகிறது. அதற்கும் பின்னால் மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி போன்ற தரவுத்தளம். நிரலைக் கடைப்பையன் என்றும், தரவுத்தளத்தைக் கிட்டங்கி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் கிட்டங்கிக்குள் போவதில்லை. பையனே சீட்டெழுதிக்கொண்டு போய், கிட்டங்கிக்காரரிடம் கொடுத்து, வேண்டியதை வாங்கி வருகிறான்.

பையன் கிட்டங்கிக்குள் நுழைய நான்கு விவரம் வேண்டும்: எந்தக் கணினி, எந்தத் தரவுத்தளம், எந்தப் பயனர், அவருக்குரிய கடவுச்சொல் எது. இந்த நான்கையும் நிரலுக்குள்ளேயே எழுதி, அதைப் பொதுமக்கள் பார்வைக்குரிய அடைவில் வைத்துவிடுவது பலரும் செய்கிற தவறு. சர்வரில் ஓர் அமைப்புப் பிசகினால் போதும்; நிரல் இயங்குவதற்குப் பதிலாக எழுத்தெழுத்தாக வெளியே தெரிந்துவிடும். ஆகவே இவ்விவரங்களைத் தனிக் கோப்பில் எழுதி, இணையத்திலிருந்து எட்ட முடியாத அடைவில் வைத்தல் வேண்டும்.

பயனர் யார் என்பதும் முக்கியம். பழகுவதற்காக வீட்டுக் கணினியில் தரவுத்தளத்தை நிறுவுவோர் "ரூட்" என்னும் தலைமைப் பயனரை, சில சமயம் வெறுமையான கடவுச்சொல்லுடனேயே, பயன்படுத்துவதுண்டு. அது பழகுமிடத்திற்குச் சரி. அதே ஏற்பாடு கடைக்கும் வந்துவிட்டால், கடைப்பையனிடம் கட்டிடத்தின் எல்லாச் சாவிகளையும் கொடுத்தது போலாகும். கடை நிரலுக்கென ஒரு தனிப் பயனரை ஏற்படுத்தி, படிக்கவும், சேர்க்கவும், திருத்தவும் மட்டும் அவருக்கு உரிமை தருவதே முறை. அட்டவணையையே அழிக்கும் உரிமை அவருக்கு எதற்கு? தரவுத்தளம் வழக்கமாகக் காதுகொடுக்கும் 3306 என்னும் வாயிலும் வெளியுலகிற்குத் திறந்திருத்தலாகாது. மேலும், இணைப்புத் தவறினால் தோன்றும் பிழைச் செய்தியை வாடிக்கையாளர் திரையில் காட்டக் கூடாது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அச்செய்தியிலேயே வெளிவந்துவிடக்கூடும். அது சர்வரின் பதிவேட்டுக்குப் போகட்டும்; வாடிக்கையாளருக்கு "சற்றுப் பொறுத்து வாருங்கள்" என்ற ஒரு வரி போதும்.

நிற்க. இனி வருவது இப்பாடத்தில் மிகவும் கவனிக்கற்பாலது.

பையன் எழுதும் சீட்டைப் பாருங்கள். "இந்தப் பெயருடையவரின் கணக்கைத் தருக" என்று எழுதி, வாடிக்கையாளர் சொன்ன பெயரை அப்படியே அதில் ஒட்டிவிடுகிறான். நல்லவர் "காதர்" என்று சொன்னால் காதரின் கணக்கு வரும். கள்வனோ, "காதர், அல்லது ஒன்றும் ஒன்றும் சமமாயின் எவருடையதாயினும்" என்று சொல்கிறான். பையன் அதையும் ஒட்டிக் கொடுக்கிறான். ஒன்றும் ஒன்றும் எப்போதும் சமந்தானே! கிட்டங்கிக்காரர் சீட்டு முழுவதையும் முதலாளியின் கட்டளையாகவே படிப்பதால், எல்லாருடைய கணக்கையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். எஸ்கியூஎல் ஊடுருவல் என்பது இதுதான். 1998-ஆம் ஆண்டிலேயே இது எழுத்தில் வெளிவந்துவிட்டது, இன்றும் ஒழிந்தபாடில்லை.

இதற்கு மாற்று, முன்னரே ஆயத்தம் செய்த கட்டளை. "இந்தப் பெயருடையவரின் கணக்கைத் தருக" என்னும் அச்சடித்த படிவம் பெயருக்குரிய கட்டம் காலியாக முதலில் கிட்டங்கிக்குப் போகிறது. கிட்டங்கிக்காரர் அதைப் படித்து, கேட்கப்படுவது என்ன என்பதை முடிவு செய்துகொள்கிறார். பெயர் பிறகு தனியே போகிறது. அக்கட்டத்தில் எத்தனை தந்திரம் எழுதியிருந்தாலும் அது வெறும் பெயராகவே கொள்ளப்படும். "காதர் அல்லது ஒன்றும் ஒன்றும்" என்று பெயருடையவர் எவருமில்லை என்று பதில் வரும். அவ்வளவே. பி.எச்.பி. மொழியில் பி.டி.ஓ., மைஎஸ்கியூஎல்ஐ என்னும் இரு வழிகளிலும் இதற்கு வசதியுண்டு. பி.டி.ஓ. வழியில் ஒரு நுட்பம்: மைஎஸ்கியூஎல்லுடன் இணையும்போது அது தானாகவே உண்மையான படிவத்தை அனுப்புவதில்லை, பெயரைத் தன்னிடத்திலேயே பாதுகாப்பாகக் கட்டி ஒட்டி அனுப்புகிறது. அந்தப் போலி முறையை நிறுத்திவிடும்படி நிரலரிடம் சொல்லலாம். இணைக்கும்போதே எழுத்துவகை யூடிஎப்8எம்பி4 என்று குறிப்பிடுவதும் நல்லது. தமிழ்ப் பெயர்களும் சிதையாமல் வரும். "மைஎஸ்கியூஎல்" என்று மட்டுந் தொடங்கும் பழைய ஆணைகளோ 2015-இல் வெளிவந்த பி.எச்.பி. 7-இலிருந்தே நீக்கப்பட்டுவிட்டன. உங்கள் தளம் இன்னும் அவற்றால் ஓடுகிறதென்றால், காலங்கடந்த பி.எச்.பி.யின் மேல் கடை நடக்கிறது என்று பொருள்.

இங்கிலாந்தின் டாக்டாக் என்னும் தொலைபேசி நிறுவனத்திற்கு 2015-இல் நேர்ந்ததை வணிகர்கள் அறிந்திருப்பது நலம். அந்நிறுவனம் 2009-இல் டிஸ்காலி என்னும் மற்றொரு நிறுவனத்தின் பிரிட்டிஷ் வியாபாரத்தை விலைக்கு வாங்கியது. அதோடு சில பழைய வலைப்பக்கங்களும் கூடவே வந்தன. அவை இன்னும் திறந்திருக்கின்றன என்பதே வாங்கியவர்களுக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கங்கள் வழியே, மேற்சொன்ன அதே ஊடுருவலால், ஏறத்தாழ 157,000 வாடிக்கையாளரின் விவரங்கள் களவாடப்பட்டன. அவர்களில் 15,000-க்கு மேற்பட்டோரின் வங்கிக் கணக்கு எண்களும் போயின. 2016-இல் 400,000 பவுன் தண்டம். கடையை விலைக்கு வாங்கும்போது சரக்கையும் கடனையும் எண்ணிப் பார்க்கிறோம்; பழைய வலைப்பக்கங்களை யார் எண்ணுகிறார்கள்?

இனி, பேரேட்டுக்குள் கடவுச்சொல் எவ்வுருவில் கிடக்க வேண்டும் என்பது. கிட்டங்கியை எவ்வளவு பூட்டினாலும் ஒருநாள் களவு போகலாம் என்று கருதியே இதைத் தீர்மானிக்க வேண்டும்.

உள்ளபடியே எழுதி வைப்பது முதல் வகை. ராக்யூ என்னும் அமெரிக்க நிறுவனம் அப்படித்தான் வைத்திருந்தது. 2009 டிசம்பரில் எஸ்கியூஎல் ஊடுருவலால் 32 மில்லியன் கடவுச்சொற்கள் ஒரே வீச்சில் வெளியே போயின. அவற்றுள் மிக அதிகமானோர் வைத்திருந்தது 123456. அன்று முதல் அப்பட்டியல் உலகெங்கும் திருடர்களுக்குப் பால பாடமாகிவிட்டது.

பூட்டி வைப்பது இரண்டாம் வகை. பூட்டென்றால் சாவியும் உண்டு. சாவியைப் பெற்றவன் எல்லாவற்றையும் திறப்பான். சாவி கிடைக்காவிட்டாலும் கேடு வரலாம் என்பதற்கு 2013-இல் அடோபி நிறுவனத்தில் நேர்ந்தது சான்று. அவர்கள் எல்லாச் சொற்களையும் ஒரே சாவியால் பூட்டினார்கள். ஆதலால் ஒரே சொல்லை வைத்திருந்தவர்களின் பூட்டிய வடிவமும் ஒன்றாகவே இருந்தது. பக்கத்திலேயே நினைவூட்டுக் குறிப்புகள் பூட்டாமல் கிடந்தன. ஆயிரம் பேருக்கு ஒரே வடிவம் இருந்து, அவர்களில் ஒருவர் "ஒன்றிலிருந்து ஆறுவரை" என்று குறிப்பெழுதியிருந்தால், ஆயிரம் பேருடையதும் தெரிந்துவிடுமல்லவா?

அரைத்து வைப்பதே மூன்றாம் வகை. இதை ஹாஷ் என்பர். மல்லியும் மிளகும் அரைத்த பொடியிலிருந்து மறுபடி முழு மல்லியை எடுக்க முடியாதது போல, ஹாஷிலிருந்து கடவுச்சொல்லைத் திரும்பப் பெற முடியாது. வாடிக்கையாளர் மறுநாள் வந்து சொல்லைத் தரும்போது, அதையும் அதே விதமாக அரைத்து, இரு பொடியும் ஒன்றா என்று பார்க்கிறோம். கடைக்காரருக்கே அச்சொல் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை.

ஆனால் திருடன் பொடியைப் பிரிக்க முயல்வதில்லை. ராக்யூ பட்டியலைப் போன்ற ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக அரைத்து ஒப்பிடுகிறான். எம்.டி.5, ஷா-1 என்னும் பழைய முறைகள் விரைவாக அரைப்பதற்கென்றே செய்தவை. இன்றைய ஒரு வரைகலை அட்டை விநாடிக்குப் பல்லாயிரம் கோடி முறை எம்.டி.5 அரைக்கும். லிங்க்டின் நிறுவனத்திலிருந்து 2012-இல் களவு போனவை ஷா-1 முறையில், உப்பின்றி அரைத்தவை. முதலில் வெளியானவை 6.5 மில்லியன், உண்மையில் போனவை நூறு மில்லியனுக்கு மேல் என்பது 2016-இல்தான் தெரிந்தது.

உப்பு என்றேன். இது என் உவமையன்று. அத்துறையினரே வைத்த பெயர். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் வெவ்வேறான, குருட்டாம்போக்கில் எடுத்த சில எழுத்துகளைச் சேர்த்து அரைப்பதே உப்பிடுதல். அதனால் இருவர் 123456 என்றே வைத்திருந்தாலும் இரு பொடியும் வேறாகும். முன்கூட்டியே அரைத்துக் குவித்த பட்டியல் திருடனுக்கு உதவாது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ராபர்ட் மோரிசும் கென் தாம்ப்சனும் 1979-இலேயே உப்பிடுதலையும், வேண்டுமென்றே மெதுவாக அரைப்பதையும் விளக்கி எழுதினர். முப்பத்துமூன்று ஆண்டு கழித்தும் பெரிய நிறுவனமொன்று உப்பிட மறந்ததென்றால், சிறு கடைக்கு எழுதிக் கொடுப்பவர் மறக்கமாட்டார் என்று எப்படி நம்புவது?

இன்று ஏற்கத்தக்கவை 1999-இல் வந்த பிகிரிப்ட்டும், 2015-இல் போட்டியொன்றில் வென்ற ஆர்கான்2-வும். பிகிரிப்ட்டின் சிறப்பு அதன் கடுமை எண். எண்ணை ஒன்று கூட்டினால் அரைக்கும் வேலை இரட்டிக்கும்: 10 என்றால் 1,024 சுற்று, 12 என்றால் 4,096 சுற்று. நல்ல வாடிக்கையாளருக்கு ஒரு விநாடியில் சிறு பகுதி தாமதம், அதை அவர் உணரவும் மாட்டார். கோடிக்கணக்கில் முயலும் திருடனுக்கோ அதுவே மலையாகிவிடும். 2013-இல் வந்த பி.எச்.பி. 5.5 முதல் "பாஸ்வேர்டு ஹாஷ்" என்னும் ஓர் ஆணை உப்பையும் தானே சேர்த்து இதைச் செய்துவிடுகிறது. "பாஸ்வேர்டு வெரிபை" என்பது ஒப்பிட்டுச் சொல்கிறது. உப்பும், கடுமை எண்ணும், பொடியும் சேர்ந்து 60 எழுத்துள்ள ஒரே சரமாக வருவதால் உப்புக்குத் தனிப் பத்தி வேண்டியதில்லை. ஆயினும் அட்டவணையில் 255 எழுத்துக்கு இடம் விடச் சொல்லுங்கள். நாளை முறை மாறினால் சரம் நீளலாம். சொந்தமாக ஓர் அரைப்பு முறை கண்டுபிடித்தேன் என்று எந்தத் தம்பியாவது பெருமையோடு சொன்னால், அவனுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவது உத்தமம்.

தமிழில் கடவுச்சொல் வைப்போர் ஒன்று அறிந்துகொள்ளலாம். பிகிரிப்ட் முதல் 72 பைட்டுகளை மட்டுமே பார்க்கும். ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைட்டு. தமிழில் "க" என்பதற்கு மூன்று, "கு" என்பதற்கு ஆறு. ஆகவே தமிழில் நீண்ட வாக்கியத்தை வைத்தால், பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு எழுத்துக்குள் எல்லை வந்துவிடும். அதற்கும் அப்பால் எழுதியது கணக்கில் சேராது.

உங்கள் தளத்தை இன்றே சோதிக்க எளிய வழியொன்றுண்டு. "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்பதை அழுத்துங்கள். பழைய சொல்லையே மின்னஞ்சலில் அனுப்பினால், அது உள்ளபடியேயோ, பூட்டியோ வைக்கப்பட்டிருக்கிறது. அரைத்ததாக இருந்தால் அனுப்பவே முடியாது. சற்று நேரத்தில் காலாவதியாகும் ஒருமுறை இணைப்பை அனுப்பிப் புதுச்சொல் வைக்கச் சொல்வதே சரியான முறை.

சோதனையில் தோற்ற தளத்தைச் சீர்செய்வது கடினமன்று. உள்ளபடியே கிடப்பவற்றை ஒரே இரவில் அரைத்துவிடலாம்; வாடிக்கையாளருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. எம்.டி.5 ஆகக் கிடப்பவற்றை, அவர்கள் வரும்வரை காத்திராமல், அந்தப் பொடியையே பிகிரிப்ட்டில் மீண்டும் அரைத்து வைத்துவிட வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் வரும்போது உண்மைச் சொல்லிலிருந்து புதிதாக அரைத்து மாற்றிக்கொள்ளலாம். இப்படி இரு கட்டமாகச் செய்யாவிட்டால், இரண்டு வருடமாக வராத வாடிக்கையாளரின் சொல் பழைய பொடியாகவே கிடக்கும்.

சட்டத்தின் பக்கமும் கவனிக்க வேண்டியதே. சிங்கப்பூரில் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், 2021 பிப்ரவரி முதல், 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் விவரம் கசிந்தாலோ, பெருந்தீங்கு நேரக்கூடியதாயினோ, அவ்வாறு மதிப்பிட்ட மூன்று நாளுக்குள் ஆணையத்திற்குத் தெரிவித்தாக வேண்டும். மலேசியாவிலும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டு, 2025 ஜூன் முதல் இத்தகைய கடமை வந்துள்ளது.

வேலை முடிந்தது என்று நிரலர் சொன்னதும் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பழைய நகல்கள் எங்கே என்று கேளுங்கள். சென்ற வருடம் எடுத்த காப்பு நகல், சோதனைக்காகத் தம் மடிக்கணினியில் வைத்த பிரதி, கணக்கப்பிள்ளைக்கு மின்னஞ்சலில் அனுப்பிய கோப்பு, இவற்றிலெல்லாம் பழைய கடவுச்சொற்கள் அரைபடாமலே இருக்கும். அவற்றை அழித்ததைக் கண்ணால் பார்த்த பின்பு, தரவுத்தளப் பயனரின் கடவுச்சொல்லையும் மாற்றச் சொல்லி, மீதிப் பணத்தைக் கொடுங்கள்.