டப்பாவின் பின்பக்கம்

அன்புள்ள தங்கைக்கு,

செங்கோட்டையில் பார்லர் திறந்திருக்கிறாய். சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்களையும் சுற்றுவட்டாரத்துக் கல்யாணப் பெண்களையும் நம்பி ஆரம்பித்த தொழில். இனி ஏஜென்டுகள் வந்து சீரம் பாட்டில்களை நீட்டுவார்கள். ஒன்று 200 ரூபாய், இன்னொன்று 900. இரண்டிலும் ‘நியாசினமைடு’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். எதை வாங்குவது?

பின்பக்கத்தைத் திருப்பு. 1 சதவீதத்துக்கு மேல் சேர்த்த பொருள்களை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதி. மற்றவற்றை அதன்பின் எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். அந்த எல்லைக்கோட்டை லேபிளில் யாரும் போட்டுக் காட்டுவதில்லை. நீயே கண்டுபிடிக்க வேண்டும். ஃபீனாக்ஸிஎத்தனால் எங்கே இருக்கிறதென்று பார். சரக்கு கெடாமல் இருக்கச் சேர்ப்பது அது, 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்குப் பின்னால் நியாசினமைடு வந்தால், அதுவும் 1 சதவீதத்துக்கு மேல் இல்லை. கரும்புள்ளி மங்குவதை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் 2 முதல் 5 சதவீதம் வரை பயன்படுத்தினார்கள். 900 ரூபாய் பாட்டில் இந்த இடத்தில் தோற்றாலும் தோற்கலாம்.

அதற்காகப் பின்னால் வருவதெல்லாம் வீண் என்று முடிவுகட்டாதே. ரெட்டினாலும் ஹையலூரானிக் அமிலமும் 1 சதவீதத்துக்குக் கீழேயே வேலை செய்யும். எதற்கு எவ்வளவு வேண்டும் என்று தெரிந்தால்தான் வரிசையைப் படிப்பதில் பயன். இன்னொரு வேடிக்கை: 60 மில்லிக்குக் குறைந்த பாட்டிலுக்கும் 30 கிராமுக்குக் குறைந்த ட்யூபுக்கும் இந்தப் பட்டியல் கட்டாயமில்லை. சீரமோ பெரும்பாலும் 30 மில்லிதான்! கட்டாயம் இல்லாவிட்டாலும் பட்டியல் போடுகிற கம்பெனியிடம் வாங்கு.

‘நம்ம நலங்கு மாவு இருக்க இதெல்லாம் எதுக்கு’ என்பார்கள். பாசிப்பயறும் வெட்டிவேரும் நல்லவைதான். ஆனால் நாட்டு மருந்துக் கடைக்காரர் கார்போகரிசியையும் சேர்த்துப் பொட்டலம் கட்டியிருந்தால் கவனி. அதில் சோராலென் உண்டு. பூசிய தோலில் வெயில் பட்டால் பொசுங்கும், பிறகு கருக்கும். வெண்புள்ளிக்கு அதைக் கொடுப்பதே இந்தக் குணத்துக்காகத்தான். கல்யாணப் பெண்ணுக்கு அதைப் பூசிப் பகலில் வெளியே அனுப்பிவிடாதே.

அதே விதையிலிருந்து பிரித்தெடுக்கும் பாகுச்சியோல்தான் இன்று ரெட்டினாலுக்கு மாற்றாக விலைபோகிறது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் 44 பேர் 12 வாரம் இரண்டில் ஒன்றைப் பூசினார்கள். அரை சதவீத ரெட்டினால் தினம் ஒரு வேளை, அரை சதவீத பாகுச்சியோல் இரு வேளை. சுருக்கம், கருமை குறைந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. ரெட்டினால் பூசியவர்களுக்குத் தோல் உரிதலும் எரிச்சலும் கூடுதல். ஆய்வு சின்னதுதான். ஆனாலும் ‘இயற்கை’, ‘கெமிக்கல்’ என்று சரக்கைப் பிரிப்பது எவ்வளவு அசட்டுத்தனம் என்பதற்கு இந்த ஒரு விதை போதும்.

கடைசியாக, நான் பயப்படும் விஷயம். லேபிளே இல்லாத, அல்லது தயாரித்தவர் முகவரி இல்லாத ‘வெள்ளையாக்கும்’ கிரீம். பாதரசம் கலந்தால் நிறம் சீக்கிரம் வெளுக்கும், சிறுநீரகம் கெடும். மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் மருத்துவர்கள் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 15 பேரிடம் அந்நோயின் ஓர் அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் இத்தகைய கிரீம் பூசியவர்கள். புளியரை தாண்டினால் கேரளம். அங்கே விற்கும் சரக்கு நம் கடைத்தெருவுக்கு வர எத்தனை நேரம்?

பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டாசோன் என்ற பெயர்கள் தென்பட்டால் அது ஸ்டீராய்டு மருந்து, அழகுப்பொருள் அல்ல. உன் கையால் தொடாதே. மாதக்கணக்கில் பூசி வந்தவரிடம் சட்டென்று நிறுத்தச் சொன்னால் முகம் இன்னும் சிவந்து எரியும்; தோல் மருத்துவரிடம் அனுப்பு. பெயரே இல்லாத டப்பாவோடு யாராவது வந்தால், காலோ முகமோ வீங்குகிறதா, சிறுநீர் நுரைக்கிறதா என்று கேள். ஆம் என்றால் டப்பாவையும் கையில் கொடுத்துத் தென்காசி அரசு மருத்துவமனைக்கு அன்றே அனுப்பு. அன்றைக்கு ஃபேஷியல் வேண்டாம்.

அன்புடன்,
அக்கா