அலை கழுவாத எண்ணெய்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வடசென்னையின் மணலிப் பக்கத்து எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவிய நாள் முதலாக, படித்தவர் வாயிலிருந்தே நான் கேட்டுச் சலித்த அபிப்பிராயம் ஒன்று உண்டு: “எண்ணெய் மிதக்கிற வஸ்துதானே, நாலு அலை அடித்தால் கழுவிக்கொண்டு போய்விடும்.” 2017 ஜனவரி 28ஆம் தேதி எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி, கரையில் ஒதுங்கிய எண்ணெயை ஆட்கள் வாளியால் அள்ளிக்கொண்டிருந்தபோதும் இதே பேச்சுத்தான். இது தீங்கு செய்யும் பொய்.

எண்ணெயில் வெறும் ஹைட்ரோகார்பன் சங்கிலிகள் மட்டும் இல்லை. அமில மூலக்கூறுகளும், கந்தகமும் நைட்ரஜனும் பொதிந்த தார்ப் பொருள்களும் உண்டு. சேற்றிலுள்ள சிலிக்கா, அலுமினா, இரும்பு ஆக்ஸைடு முதலியவற்றின் மேற்பரப்பிலோ, நீரோடு உறவாடிப் பிறந்த ஹைட்ராக்ஸில் தொகுதிகள் நிறைந்திருக்கின்றன. இவ்விரண்டும் சந்திக்கும்போது நடப்பதைத்தான், மூலக்கூறுகளைக் கணினியில் ஆராயும் எங்கள் துறையில் கணக்கிடுகிறோம்: ஆக்ஸைடுப் பலகை ஒன்றை அணு அணுவாக அமைத்து, அதன்மேல் மூலக்கூறை வைத்து, மொத்தச் சக்தி மிகக் குறையும் நிலையைத் தேடி, இரண்டும் தனித்தனியே இருந்தபோதைய சக்தியை அதிலிருந்து கழித்தால், ஒட்டும் வலிமை தெரிந்துவிடும். உதாரணத்துக்கு, இன்னோர் ஆக்ஸைடான உலர்ந்த டைட்டானியம் ஆக்ஸைடின்மேல் எளிய அமிலமொன்றுக்கு இது ஓர் எலெக்ட்ரான் வோல்ட் அளவில் வருகிறது. அறை வெப்பத்தின் அதிர்வுக்குள்ள சக்தியோ ஏறக்குறைய அதில் 40-இல் ஒரு பங்கு. நீர் குறுக்கே வந்து போட்டியிடுவதும், பிணைப்பு தளர்வதும் மெய்யே. ஆனால் கடல் நீரின் கால்சியம், எதிர்மின் ஏற்றமுள்ள அமிலத்தையும் அதே ஏற்றமுள்ள சேற்றின் மேற்பரப்பையும் இணைக்கும் பாலமாக நின்றுவிடுகிறது. அலைக்கு இதில் என்ன அதிகாரம்?

எண்ணூரில் விசேஷம் வேறொன்று. அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஆண்டுக்கணக்காய்க் கசிந்து படிந்த கழிமுகம் அது. சாம்பல் என்பதோ பெரும்பாலும் சிலிக்காவும் அலுமினாவும், கொஞ்சம் இரும்பு ஆக்ஸைடும், எரியாத கரியும். கரிக்கு எண்ணெய் மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ளும் ஆசை இன்னும் அதிகம். ஆக, எண்ணெய் விழுமுன்னமே அதைப் பிடித்துவைக்கும் பொடியை நாமே தூவி வைத்திருந்தோம். அந்தப் பொடியோடு சேர்ந்த துளிகள் கனத்து அடியில் தங்கும். சேற்றுக்குள் கைவிட்டு இறால் தடவிப் பிடிப்பவர்களின் விரல்களுக்குத்தான் அது முதலில் எட்டும்.

சோப்புக் கரைசல் தெளித்தால் ஒழியும் என்பாரும் உண்டு: அது எண்ணெயைத் துளியாக உடைத்து நீருக்குள் இறக்குமே தவிர அழிக்காது. கணினிக் கணக்கு கற்பனை என்பார்க்கு, அக்கணக்கின் அஸ்திவாரத்தை இட்ட வால்ட்டர் கோனுக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்ததை நினைவூட்டினால் போதும்.

ஆகவே, மேல்தண்ணீரை மொண்டு சோதித்து, “சுத்தம்” என்று முத்திரை குத்துவதை நிறுத்துங்கள். சேற்றை ஆழவாரியாகத் துளைத்தெடுத்துச் சோதியுங்கள். அதற்கும் மேலாக, படிந்து கிடக்கும் அந்தச் சாம்பலை முகத்துவாரத்திலிருந்து அகற்றத் தொடங்குங்கள்.