கம்பி அறுந்தால் இயந்திரம் நிற்குமா?

வீட்டில் சிறிய சிஎன்சி இயந்திரம் வைத்து மரம் செதுக்குகிறீர்களா? நகரும் பாகம் ஓரத்தில் முட்டுமுன் மோட்டாரை நிறுத்துவது எல்லை சுவிட்ச்.

மூன்று வகைகள் பரவலாகக் கிடைக்கின்றன. ஒளி உணரி துல்லியமானது. ஆனால் அதன் இடுக்கில் மரத்தூள் அடைந்தால் ஏமாற்றிவிடும். தூண்டல் உணரிக்குத் தூசி பொருட்டல்ல. ஆனால் இரும்பை 4 மில்லிமீட்டரில் உணர்வது, அலுமினியம் இன்னும் நெருங்கினால்தான் உணரும். மைக்ரோ சுவிட்ச் மலிவு. பொழுதுபோக்குக்கு அதுவே போதும் என்பேன்.

வகையைவிட இணைப்புதான் முக்கியம். மைக்ரோ சுவிட்சில் 3 முனைகள் உண்டு: பொதுமுனை, என்ஓ, என்சி. என்ஓவில் இணைத்தால், அழுத்தும்போது மட்டுமே மின்சுற்று மூடும். நடுவில் கம்பி அறுந்தால் கட்டுப்பாட்டுப் பலகைக்கு அது தெரியவே தெரியாது. பாகம் ஓரத்தில் இடித்த பிறகும் மோட்டார் தள்ளிக்கொண்டிருக்கும். என்சியில் மின்சாரம் எப்போதும் ஓடுகிறது; அழுத்தினால் நிற்கிறது. கம்பி அறுந்தாலும் நிற்கிறது. பலகைக்கு இரண்டும் ஒன்றுதான், இயந்திரத்தை நிறுத்திவிடும். ஓர் அச்சின் இரு முனைச் சுவிட்சுகளையும் தொடராக இணைத்தால் ஒரே உள்ளீடு போதும்.

ஜிஆர்பிஎல் 1.1 பயன்படுத்துவோர் $5=1, $21=1 என அமையுங்கள். முதலாவது என்சி இணைப்புக்கு. இரண்டாவது இல்லாவிட்டால் ஓட்டத்தின் நடுவே சுவிட்சை அது கவனிக்காது.

காரணமின்றி இயந்திரம் நிற்கிறதா? சுவிட்ச் கம்பி மோட்டார் கம்பியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மின்னிரைச்சல் அப்படித்தான் நுழையும்; பிரித்து, உறையிட்ட கம்பியாக மாற்றுங்கள்.

கடைசியாக, வெட்டும் மோட்டாரை அணைத்துவிட்டு, சுவிட்ச் கம்பி ஒன்றைக் கழற்றுங்கள். திரையில் உடனே அலாரம் தோன்ற வேண்டும்.