குளியல் தொட்டியும் சுற்றுச்சுவர் டைல்ஸும்: கடைக்காரர் அறிய வேண்டியவை

பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூர், சிறுசேரி, படூர் வட்டாரத்தில் வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர்களின் கடைகளுக்குக் குளியல் தொட்டி கேட்டு வருவோர் இப்போது அபூர்வமல்ல. ஒரு காலத்தில் பெரிய ஓட்டல்களுக்கு மட்டும் போன சரக்கு, இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் போகிறது. தொட்டியை விற்பது எளிது. ஆறு மாதம் கழித்து, "கீழ் வீட்டுக்காரர் கூரையில் ஓதம் அடிக்கிறது என்று சண்டைக்கு வருகிறார்" என்று வாடிக்கையாளர் நம் கல்லா முன் வந்து நிற்கும்போதுதான் சங்கடம். கொத்தனார் ஏற்கெனவே "சரக்கு மட்டம்" என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போயிருப்பார்.

இப்படி வரும் புகார்களில் பெரும்பாலும் சரக்கில் குற்றம் இருப்பதில்லை. டைல்ஸ் ஒட்டிவிட்டால் சுவருக்குள் தண்ணீர் போகாது என்ற நம்பிக்கையில்தான் குற்றம் இருக்கிறது. டைலின் முகத்தில் உள்ள பளபளப்பு தண்ணீரைத் தடுக்கும். இரண்டு டைலுக்கு நடுவே உள்ள இணைப்பு முழுதாகத் தடுக்காது. சிமெண்ட் கிரவுட் சிறிது சிறிதாக ஈரத்தை உறிஞ்சிப் பின்னால் விடும். ஆகவே தண்ணீரைத் தடுக்க வேண்டியது டைலுக்குப் பின்னால் உள்ள பூச்சு.

இது புதுச் சங்கதியும் அல்ல. 1925-26-ல் மொகஞ்சதாரோவில் தோண்டி எடுத்த பெருங்குளியல் குளம் சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம் கொண்டது. செங்கல்லை ஜிப்சம் கலவையில் நெருக்கமாக அடுக்கியதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. அந்தச் சுவருக்குப் பின்னால் தார் போன்ற நிலக்கீலை ஒரு படலமாக வைத்தார்கள். நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய கொத்தனாருக்குத் தெரிந்ததை இன்று நாம் வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது!

வேலையின் வரிசையைக் கவுண்டரில் இருக்கும் பையனும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். முதலில் சுவரைப் பூசி ரசமட்டமும் தூக்குக்குண்டும் வைத்துச் சரிபார்ப்பது. அதன்மேல் நீர்த்தடுப்புப் பூச்சை இரண்டு கை அடிப்பது. தரையிலும் அடித்து, சுவரும் தரையும் சேரும் மூலையில் வலைத்துணி வைத்து மடக்க வேண்டும். தரையில் தண்ணீர் கட்டிக் குறைந்தது 24 மணி நேரம் விட்டு, கீழ்த்தளத்தில் கசிவு உண்டா என்று பார்ப்பது. பிறகுதான் தொட்டி. தொட்டி உட்கார்ந்த பிறகே டைல்ஸ். டைல்ஸின் கீழ் விளிம்பு தொட்டியின் உதட்டுக்கு மேலே வந்து நிற்க வேண்டும். வழியும் தண்ணீர் தானாகத் தொட்டிக்குள் விழும். டைல்ஸை முதலில் ஒட்டிவிட்டுத் தொட்டியைப் பக்கத்தில் தள்ளி வைத்தால், வழியும் தண்ணீர் நேராக இடுக்கில் இறங்கும். "டைல்ஸ் வேலை முடிந்தது, இப்போது ஒரு தொட்டி கொடுங்கள்" என்று வருபவரிடம் இதைச் சொல்லாமல் அனுப்பக் கூடாது.

தொட்டியின் கனத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஐந்தரை அடி நீள அக்ரிலிக் தொட்டி ஒன்று ஏறக்குறைய 200 லிட்டர் பிடிக்கும். தண்ணீர், ஆள், தொட்டி எல்லாம் சேர்ந்து 300 கிலோவை நெருங்கும். நம் பக்கத்து அடுக்ககங்களில் குளியலறைத் தளத்தைத் தாழ்த்தி, உள்ளே செங்கல் ஜல்லி போட்டு நிரப்பியிருப்பார்கள். அந்த நிரப்பலின் மேல் தொட்டியின் கால்களை அப்படியே ஊன்றினால் நாளாவட்டத்தில் அமுங்கும். காலுக்கடியில் கெட்டியான கான்கிரீட் படுகை வேண்டும்.

தொட்டி நிறையும்போது அரை மில்லி, ஒரு மில்லி இறங்கும், காலியானால் எழும்பும். அதனால்தான் தொட்டியின் உதட்டுக்கும் முதல் வரிசை டைலுக்கும் நடுவே வெள்ளை சிமெண்ட் வைத்தால் சில மாதங்களில் முடி போல வெடிப்பு விடுகிறது. அந்த இடத்தில் சுமார் 3 மில்லி இடைவெளி விட்டு சிலிக்கோன்தான் வைக்க வேண்டும். தொட்டியை நிரப்பி, அது இறங்கி நிற்கும் நிலையில் சிலிக்கோனை வைத்து, காய்ந்த மறுநாள் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். இந்த ஒரு விஷயம் பல பிளம்பர்களுக்கே தெரிவதில்லை. பூஞ்சை பிடிக்காத குளியலறை ரகமாகக் கொடுங்கள். பக்கத்தில் மார்பிள் இருந்தால் காடி வாசனை அடிக்கும் சிலிக்கோன் கறை விடும். நியூட்ரல் ரகம் கொடுக்க வேண்டும்.

ஒட்டுவதிலும் குழப்பம் உண்டு. ஐ.எஸ். 15622 தரத்தின்படி, சாதாரண சுவர் டைல் தன் எடையில் 10 சதவிகிதத்துக்கும் மேல் தண்ணீர் குடிக்கும். சிமெண்ட் கலவையில் ஒட்டினால் அதைக் குமிழி நிற்கும்வரை ஊறப் போட வேண்டும். விட்ரிஃபைட் டைலோ அரை சதவிகிதம்கூடக் குடிக்காது. சிமெண்ட் பாலுக்கு அதில் பிடிப்பு இல்லை. தட்டினால் பொள்ளல் சத்தம் வரும், ஒருநாள் கழன்று தொட்டியின் மேலேயே விழும். அதற்கு ஐ.எஸ். 15477 முத்திரையுள்ள ஒட்டுப்பசைதான் சரி. எந்த டைலுக்கு எந்த டைப் என்பது பையிலேயே அச்சாகியிருக்கும். பசையில் ஒட்டும்போது டைலை ஊறப் போடக் கூடாது. பசைப் பை விற்றால் நமக்கும் நாலு காசு வரும் என்பது உண்மைதான், அதற்காகச் சொல்லவில்லை.

தொட்டியின் பக்கத்தை அடைத்து டைல்ஸ் ஒட்டுபவர்கள், கழிவுக் குழாய் இருக்கும் முனையில் ஓரடிக்கு ஓரடி கதவு விட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வாஷர் மாற்ற டைலை உடைக்க வேண்டி வரும்.

அளவுக் கணக்கை நாமே போட்டுக் கொடுத்தால் வாடிக்கையாளர் நம்பி வருவார். மூன்று பக்கமும் சுவர் என்றால் 5½ + 2½ + 2½ = 10½ அடி. தொட்டி உதட்டிலிருந்து 5 அடி உயரம் என்றால் 52½ சதுர அடி. 12-க்கு 18 அங்குல டைல் 35. வெட்டுச் சேதாரம் 10 சதவிகிதம் சேர்த்து 39. பெட்டிக்கு 6 டைல் என்றால் 7 பெட்டி. எல்லாப் பெட்டியிலும் லாட் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து ஏற்றுங்கள். பிறகு ஒரு பெட்டி குறைந்தால் அதே நிறம் கிடைப்பது துர்லபம். நாவலூரில் சுங்கக் கட்டணம் 2023 அக்டோபரில் நின்றபின் வண்டி வாடகை பேசுவதில் ஒரு தலைவலி குறைந்தது என்றாலும், ஒரு பெட்டிக்காக வண்டி அனுப்பினால் லாபம் அதோடு போயிற்று.

தண்ணீரைப் பற்றியும் பேசிவிடுவது நல்லது. 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் இந்தத் தொட்டிக்கு 60 முறைதான். 2019 கோடையில் இந்தச் சாலை பட்ட பாடு நினைவிருக்கும். 25 லிட்டர் கீசரில் கலந்து வரும் வெதுவெதுப்பான தண்ணீர் எழுபது, எண்பது லிட்டர். தொட்டி பாதி நிறையுமுன் தீர்ந்துவிடும். விலை பேசும்போதே இதைச் சொன்னால் சிலர் வாங்காமல் போகலாம். போகட்டும்.

கடைசியாகச் சட்டம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையையும் உபயோகக் குறிப்பையும் விற்பவர் கொடுக்காமல் விட்டு, அதனால் தீங்கு நேர்ந்தால், விற்பவரையும் பொறுப்பாக்க 86-ஆவது பிரிவு இடம் தருகிறது. தொட்டிப் பெட்டிக்குள் வரும் பொருத்தும் முறைத் தாளைக் குடோனில் உருவிப் போடும் வழக்கம் சில கடைகளில் உண்டு. அந்தத் தாளைப் பில்லோடு இணைத்துக் கொடுத்து, பில்லின் நகலில் "குறிப்புத் தாள் பெற்றேன்" என்று கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.