இரண்டு லிட்டர் குக்கரும் ஒரு மலை ஏரியும்

சாரி கிராமத்திலிருந்து கிளம்பி நாற்பது நிமிடம்கூட ஆகியிருக்காது. சின்னவன் பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். ஐந்து வயது. “நான் வரல. நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கறேன்” என்றான், பஸ் ஸ்டாண்டில் பெட்டிக்குக் காவல் உட்கார்ந்திருக்கும் தாத்தா மாதிரி.

திருப்பூர்க் கடைவீதியில் இப்படி அடம்பிடித்தால் இடுப்பில் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுவேன். இங்கே என் முதுகில் பை. என் கணவர் முதுகில் என் பையைவிடப் பெரிய பை. முதுகில் சுமை இருக்கும்போது பிள்ளையைத் தூக்க முடியாது என்கிற சாதாரண விஷயம், இரண்டு மாதம் உட்கார்ந்து திட்டம் போட்ட எங்கள் இருவருக்கும் அந்த நிமிடத்தில்தான் உறைத்தது.

போனது உத்தராகண்டில் உள்ள தேவரியா தால் ஏரிக்கு. காலாண்டு லீவும் ஆயுத பூஜை லீவும் ஒட்டி வந்த அக்டோபர் முதல் வாரம். பெரியவளுக்கு ஒன்பது வயது. பிள்ளைகளோடு மலையேறி, கூடாரத்தில் தூங்கி, எங்கள் சுமையை நாங்களே சுமப்பது எங்களுக்கு அதுதான் முதல் முறை.

இந்த ஏரியைத் தேர்ந்தெடுத்ததில் மட்டும் எங்களுக்கு நூற்றுக்கு நூறு போட்டுக்கொள்வேன். சாரி ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏரி 2,400 மீட்டர் அளவில். நடுவில் மூன்று கிலோமீட்டருக்குள்தான் பாதை. பெரும்பகுதி கல் பாவியது, ஆனால் நல்ல ஏற்றம். உயரத்தால் வரும் தலைவலி, குமட்டல் எல்லாம் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொந்தரவு செய்ய ஆரம்பிக்கும். அதையெல்லாம்விட எனக்குப் பெரிய தைரியம், ராத்திரி யாருக்காவது முடியாமல் போனாலும் ஒன்றரை மணி நேரத்தில் ஊருக்குள் இறங்கிவிடலாம் என்பது. முதல் பயணத்துக்கு அழகான ஏரியைத் தேடாதீர்கள், பக்கத்தில் ஊர் இருக்கிற ஏரியைத் தேடுங்கள்.

மே மாத லீவில் போகலாம் என்றுதான் அவர் முதலில் சொன்னார். ரிஷிகேஷிலிருந்து ருத்ரப்பிரயாகை தாண்டிக் குண்ட் என்ற ஊர் வரைக்கும் கேதார்நாத் போகிற அதே சாலை. மே மாதம் யாத்திரைக் கூட்டம் நெட்டித்தள்ளும். அக்டோபரில் மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும், ஆனால் ராத்திரிக் குளிர் கடுமை. நெரிசலா, குளிரா என்றால் குளிருக்குச் சட்டை போட்டுக்கொள்ளலாம்.

சாலைப் பயணம் மட்டும் ஏழெட்டு மணி நேரம். வளைவுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கிளம்புவதற்கு முன்பு குழந்தை மருத்துவர் எழுதிக் கொடுத்த வாந்தி மருந்தைக் கொடுத்தும், தேவப்பிரயாகையில் பெரியவள் ஒரு முறை எடுத்துவிட்டாள். அலக்நந்தாவும் பாகீரதியும் கலக்கிற இடம், பெரியாழ்வார் பாடிய திவ்ய தேசம், நான் பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வயிறு முட்டப் பூரி வாங்கிக் கொடுத்தது என் தப்பு. அதற்கப்புறம் பொரியும் பிஸ்கட்டும்தான். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தரம் வண்டியை நிறுத்தச் சொன்னோம். மந்தாகினிக் கரையில் அகஸ்தியமுனி என்றே ஓர் ஊர். அகத்தியர் இங்கிருந்துதான் நம்ம பொதிகை மலைக்கு வந்தார் என்று கதை சொன்னேன். சின்னவன் கேட்டான்: “நடந்தேவா? அவரு பேக் எத்தனை கிலோம்மா?”

நல்ல கேள்வி. எங்கள் பைகளை வீட்டில் நிறுத்தபோது அவருடையது 17 கிலோ, என்னுடையது 12 கிலோ.

அதைக் குறைத்தது சாரியில் நாங்கள் தங்கிய வீட்டுக்கார அக்கா. அங்கே ஒரு முழு நாள் தங்கினோம். உடம்பு உயரத்துக்குப் பழக வேண்டும் என்று என் கணவர் எங்கேயோ படித்திருந்தார், அது நிஜமாகவே உதவியது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு மண்டுவா ரொட்டி போட்டார்கள். பார்த்தால் நம்ம கேழ்வரகு! வீட்டில் ராகிக் களி தின்று வளர்ந்த பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு ரொட்டி, ராஜ்மாவோடு. சாப்பிட்டு முடித்து நான் பையைத் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்த அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எங்கள் ஹிந்தி அரைகுறை, அவருக்கு அது பிரச்சினையாகவே இல்லை. ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்து, இது யாருக்கு என்பது போல் என் முகத்தைப் பார்ப்பார். பதினோரு வகை மருந்து. நான்கு டவல். இரண்டு போர்வை. மழை வந்தால் வேண்டுமே என்று ஆளுக்கு நான்கு செட் துணி. அடியில் இரண்டு லிட்டர் குக்கர்.

குக்கரைக் கண்டதும் சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். மாமியாரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

நான் குக்கர் எடுத்ததற்கும் காரணம் இருந்தது. 2,400 மீட்டரில் தண்ணீர் 92 டிகிரிக்கே கொதித்துவிடும், அரிசியும் பருப்பும் லேசில் வேகாது. அது உண்மைதான். ஆனால் ஒரே ஒரு ராத்திரிக்கு அரிசியும் பருப்பும் எதற்கு? கெட்டி அவலை வெந்நீரில் ஊறவைத்து, வீட்டிலிருந்து கொண்டு வந்த புளிக்காய்ச்சலைப் போட்டுக் கிளறினால் பத்து நிமிடத்தில் சாப்பாடு. காலைக்கு வறுத்த சத்துமாவில் கஞ்சி. இதெல்லாம் என் பையிலேயே இருந்தது. குக்கர், பிள்ளைகள் பட்டினி கிடந்துவிடுவார்களோ என்ற என் பயம். பதினோரு மருந்தும் அதே ஜாதி. வெப்பமானி, காய்ச்சல் மருந்து, ஓ.ஆர்.எஸ்., வாந்தி மருந்து, பேண்டேஜ், இதற்கு மேல் நாங்கள் எதையும் தொடவில்லை. சாரியிலேயே ஒன்பது கிலோ இறக்கி வைத்தோம்.

துணி விஷயத்தில் என் கணவர் அசைந்து கொடுக்கவில்லை. இருபது வருடமாகப் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பருத்தி மாதிரி ஒன்று உலகத்திலேயே இல்லை என்பது அவர் கட்சி. எங்கள் ஊரே பருத்தியில்தான் சோறு தின்கிறது, நானும் எதிர்த்துப் பேச முடியாது. ஆனால் ஏறும்போது வியர்வையில் நனைந்த பனியன் துணி, நின்றவுடன் முதுகில் ஈரச்சாக்கு மாதிரி ஒட்டிக்கொண்டது. மலைக்காற்றில் காயவே இல்லை. பிள்ளைகளுக்குப் பாலியஸ்டர் உள்சட்டையும் கம்பளி மேல்சட்டையும் வாங்கியிருந்தேன். மேலே போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகக் காய்ந்த துணி மாற்றி, காய்ந்த சாக்ஸ் போட்டுவிட்டேன். அவர் ராத்திரி முழுக்க நடுங்கினார். காலையில், “ஏனுங்க, நல்லாத் தூங்குனீங்களா?” என்று கேட்டேன். பதில் வரவில்லை.

கல்லில் உட்கார்ந்தவனை எழுப்பியது எப்படி என்று சொல்லவில்லையே. மகாபாரதத்தில் யட்சன் காவல் காத்த குளம் இதுதான் என்று உள்ளூரில் நம்புகிறார்கள். கேள்விக்குப் பதில் சொல்லாமல் தண்ணீர் குடித்த தம்பிகள் நால்வரும் விழுந்து கிடக்க, தருமன் பதில் சொல்லி மீட்ட கதை. அதைச் சொல்லிவிட்டு, “இனிமே நான்தான் யட்சன். பதில் சொல்றவங்களுக்குத்தான் தண்ணி” என்றேன். பெரியவளுக்கு வாய்ப்பாடு, சின்னவனுக்கு விடுகதை. அடுத்த வளைவு வந்ததும், “யட்சா, கேள்வி கேளு!” என்று அவனே ஓடி வந்து நின்றான். குளிரில் பிள்ளைகளுக்குத் தாகமே எடுக்காது, குடி குடி என்றால் குடிக்கவும் மாட்டார்கள். இப்படிக் கால் மணிக்கு ஒரு முறை நாலு மடக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தது.

பெரியவள் பாதியில் விளையாட்டிலிருந்து விலகிக்கொண்டாள், சின்னப் பிள்ளை விளையாட்டாம். சாயங்காலம் தலைவலி வந்தது அவளுக்குத்தான். எனக்கு உயிரே இல்லை. வாந்தி உண்டா, சாப்பாட்டை ஒதுக்குகிறாளா, நடை தள்ளாடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. வெந்நீரும் சூப்பும் கொடுத்து ஒரு மணி நேரம் படுக்க வைத்ததும் சரியாகிவிட்டது. தலைவலியோடு வாந்தியும் சேர்ந்திருந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு அப்போதே கீழே இறங்குவது என்று கிளம்பும் முன்பே நாங்கள் முடிவு செய்து வைத்திருந்தோம். அந்த முடிவை வீட்டிலேயே எடுத்து வையுங்கள். மேலே போய் நின்றுகொண்டு எடுக்க முடியாது.

பெரியவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் ஏறுகிற பாதைக்கு எங்களுக்கு நான்கு மணி நேரம் ஆனது. ஒரு மாதம் ஞாயிறுதோறும் சென்னிமலையின் 1,320 படிகளைப் பையோடு ஏறிப் பழகியது என் முழங்காலுக்கு உதவியது. பிள்ளைகள் என்னவோ எந்தப் பழக்கமும் தேவையில்லாத மாதிரிதான் நடந்தார்கள். ஓடுவார்கள், உட்காருவார்கள், மறுபடி ஓடுவார்கள். ஓக் மரத்தடியில் கொட்டிக் கிடந்த காய்களுக்காகவே முக்கால் மணி நேரம் போனது. சின்னவன் ஜெர்க்கின் பாக்கெட் இரண்டையும் நிரப்பிக்கொண்டான். இறங்கும்போது காட்டுக்கே திருப்பிக் கொட்டவைத்தேன், ஒரு பாடு அழுகையோடு. பிள்ளைகள் பையில் அவரவர் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வைக்கக்கூடாது என்பார்கள். சின்னவன் பையில் அவன் ஸ்வெட்டர், ஒரு விசில், பிஸ்கட் பாக்கெட், அவ்வளவுதான். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நின்று விசில் ஊத வேண்டும் என்று சொல்லியிருந்தோம். வழி தவறாமலேயே ஊதிக்கொண்டு வந்தான்.

கூடார விஷயத்தில் ஏமாந்தோம். ரிஷிகேஷில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தது. மேலே போய்ப் பிரித்தால் முளைக்குச்சி இரண்டு குறைகிறது, ஒரு தூங்குபையின் ஜிப் பாதியில் நின்றுவிட்டது. கல்லைக் கட்டிச் சமாளித்தோம். காசு கொடுக்கும் முன்பு கடை வாசலிலேயே கூடாரத்தை விரித்துப் போட்டுப் பாருங்கள், கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை. பிள்ளைகள் பெரியவர்களின் தூங்குபையில் படுத்தால் கால்பக்கம் வெறும் இடம் சூடே ஆகாது. அந்த இடத்தை மடித்து அடியில் செருகிவிட வேண்டும், அல்லது துணியைத் திணித்து அடைக்க வேண்டும். அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை விமானத்திலும் ரயிலிலும் கொண்டு போக முடியாது, அங்கே போய்த்தான் வாங்க வேண்டும்.

ஏரியை ஒட்டிக் கூடாரம் போடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். தள்ளித்தான் போட்டோம். 2018-ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் புக்யால் எனப்படும் மலைப் புல்வெளிகளில் இரவு தங்கவே தடை விதித்தது. கூடாரத்தைச் சுற்றி நூடுல்ஸ் உறைகள் கிடந்ததைப் பார்த்தபோது, அதில் தப்பே இல்லை என்று தோன்றியது.

கழிப்பறைக் கதையைப் பலர் எழுதுவதில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலையாக இருந்தது. தண்ணீரிலிருந்து அறுபது மீட்டராவது தள்ளி, அரை அடி ஆழம் குழி தோண்டி, மூடிவிட வேண்டும். பயன்படுத்திய காகிதத்தைப் பையில் போட்டுக் கீழே கொண்டு வந்துவிட வேண்டும். தோண்டுவதற்கு எங்கள் வீட்டுத் தோட்டத்துக் களைக்கொத்து போதுமானதாக இருந்தது. பெரியவள் முடியவே முடியாது என்றாள். போர்வையில் ஒன்றை மட்டும் மேலே எடுத்துப் போயிருந்தேன், அதை நானும் அவரும் திரையாகப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றோம். ராத்திரி இரண்டு மணிக்குச் சின்னவன், “அம்மா, ஒண்ணுக்கு.” அவனை வெளியே கூட்டிக்கொண்டு வந்தால் பெரியவளும் பின்னாலேயே வந்துவிட்டாள். அவன் முடித்து உள்ளே போய்த் தூங்கியும்விட்டான். இவள் மட்டும் அண்ணாந்து பார்த்தபடி, “இன்னும் கொஞ்ச நேரம்மா, இன்னும் கொஞ்ச நேரம்” என்று குளிரில் நின்றுகொண்டிருந்தாள்.

ஏரியைப் பற்றி எழுதவில்லையே என்பீர்கள். ஊட்டி, கொடைக்கானல் ஏரி மாதிரி எதிர்பார்த்துப் போகாதீர்கள். சின்னது. முதல் நாள் மதியம் போய்ச் சேர்ந்தபோது மேகம் மூடி, மலையே தெரியவில்லை. “இதுக்காம்மா வந்தோம்?” என்றான் சின்னவன். மறுநாள் காலை ஆறு மணிக்குக் காற்று எழும்புவதற்கு முன்பு கரைக்குப் போனோம். 7,138 மீட்டர் உயரமுள்ள சௌகம்பா சிகரம், நான்கு முகடோடும் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றது. அவர் படம் எடுத்தார். சின்னவன் ஒரு கல்லை எடுத்துச் சௌகம்பா மேலேயே போட்டான். அது அலைந்து அலைந்து மறுபடி ஒன்றுகூடுவதைப் பார்ப்பதற்காக இன்னொரு கல். ஏழு மணிக்கெல்லாம் காற்று வந்துவிட்டது, படம் கலைந்தது. இங்கே போகிறவர்கள் காலைத் தூக்கத்தைத் தியாகம் செய்தே ஆக வேண்டும்.

இறங்க இரண்டு மணி நேரம்தான் ஆனது. சாரியில் மிச்சச் சாமானைப் பையில் திணித்தபோது, ஒரு நாளில் அதெல்லாம் யாருடைய பொருளோ மாதிரி இருந்தது. போர்வையையும் டவலையும் எடுத்துக்கொண்டேன். குக்கரை அந்த அக்கா அடுப்படியில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். கையில் எடுத்தேன், மறுபடி அங்கேயே வைத்தேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்றார், மாமியார் பேசாமல் எடுத்து அலமாரிக்குள் வைத்தார். போன வாரம் போனில் பேசினோம். குக்கர் நன்றாக இருக்கிறதாம். கேஸ்கட் மட்டும் மாற்ற வேண்டுமாம்.