வலி நின்ற பிறகும் வாருங்கள்

காரைக்கால் பாரதியார் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் என் கிளினிக் இருக்கிறது. சிலருக்கு என்ன வைத்தியம் வேண்டியிருக்கும் என்பது அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிடும். கையில் தண்ணீர் பாட்டில் இருக்கும். ஒரு மடக்கு எடுத்து, விழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெயரைக் கேட்டால் விரலை உயர்த்தி 'இருங்க' என்று காட்டிவிட்டு, துப்பிய பிறகே பதில் சொல்வார்கள். பல்லுக்குள் நரம்பின் வீக்கம் முற்றிப்போய், சூடு பட்டால் துடித்து, குளிர்ந்த நீர் பட்டால் மட்டும் அடங்குகிற கட்டம் அது. பெரும்பாலும் ரூட் கேனல்தான்.

இவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. வலி தாங்காமல் எப்படியும் வந்துவிடுவார்கள். கவலையெல்லாம் இன்னொரு வகை ஆட்களைப் பற்றித்தான். "போன மாசம் உசுரு போற வலி டாக்டரம்மா. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டேன், தானா நின்னுபோச்சு" என்று கிளிஞ்சல்மேட்டிலிருந்து வந்த ஓர் அம்மா சொன்னார். வேறொரு பல்லைக் காட்ட வந்தவர் அவர். எக்ஸ்ரேயில் பழைய பல்லின் வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு நிழல் தெரிந்தது. வலி நின்றது குணமாகி அல்ல, நரம்பு செத்துப்போனதால். செத்த நரம்பில் ரத்த ஓட்டம் கிடையாது; விழுங்கும் ஆன்டிபயாடிக் அங்கே போய்ச் சேர வழியும் இல்லை. மாத்திரை வேருக்கு வெளியே பரவிய கிருமியைக் கொஞ்ச நாள் அடக்கும், உள்ளே இருப்பது அப்படியே இருந்து எலும்பைத் தின்னும்.

வீட்டிலேயே ஓரளவு கணிக்கலாம். ஐஸ் தண்ணீர் பட்டதும் சுரீர் என்று கூசி உடனே அடங்கினால் பெரும்பாலும் அடைத்தே காப்பாற்றலாம். கூச்சம் நிமிடக்கணக்கில் நீடித்தாலோ, இரவில் படுத்ததும் விண்விண் என்று தெறித்தாலோ நரம்பு வரை போய்விட்டது என்று கொள்ளுங்கள். தாடைக்கு அடியில் வீங்கி, காய்ச்சல் வந்து, எச்சில் விழுங்க முடியவில்லை என்றால் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் நேராக அரசு பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அந்த வீக்கம் மூச்சுக்குழாயையே அடைக்கக்கூடியது.

கிராம்புத் தைலம் தடவுவதை நான் தடுப்பதில்லை. அதிலுள்ள யூஜெனால் வலியை மரக்கச் செய்யும், நாங்களே அதைச் சிமென்டில் கலந்து பயன்படுத்துகிறோம். ஆனால் ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைக்காதீர்கள், புண்ணாகிவிடும். கண்டங்கத்திரி விதையைப் புகைத்துப் பல்லுப் பூச்சி எடுப்பதையும் விட்டுவிடுங்கள். பல்லில் பூச்சியே கிடையாது. இதை 1728இலேயே எழுதிவிட்டார் நவீனப் பல் மருத்துவத்தின் தந்தை எனப்படும் பியர் ஃபோஷார். அவர் பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைப் பிடித்தது 1739இல். 1954 வரை இருந்துவிட்டும் போனார்கள். பூச்சி நம்பிக்கை மட்டும் போகவில்லை!

ரூட் கேனல் சிகிச்சையில் வலிக்குமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. மரப்பு ஊசி சரியாக வேலை செய்தால் வலிக்காது. கீழ்க் கடைவாயில் முற்றிய வீக்கம் இருந்தால் சில சமயம் இரண்டாவது ஊசி தேவைப்படும். பல்லைக் கடித்துப் பொறுக்காமல் கையைத் தூக்குங்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "ரப்பர் டாம் போடுவீங்களா?" பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மூடும் நீலமோ பச்சையோ ரப்பர் தாள் அது. 1864இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. எச்சில் கிருமி உள்ளே போகாது, கழுவும் குளோரின் மருந்து தொண்டையில் இறங்காது, மெல்லிய ஊசி தவறினாலும் வயிற்றுக்குப் போகாது. என்னைக் கேட்டால் லேசர் என்று விளம்பரம் செய்யும் இடத்தைவிட இந்தத் தாளைப் போடும் இடமே மேல்.

அதற்காகப் புதியதெல்லாம் வெறும் பேச்சு என்று சொல்லவில்லை. எஃகு ஊசியால் வளைந்த வேருக்குள் போராடிய காலம் போய், வளைவோடு வளையும் நிக்கல்-டைட்டானியம் ஊசிகள் வந்தது பெரிய விடுதலை. வேர் எங்கே முடிகிறது என்று 'பீப்' ஒலியால் சொல்லும் கருவியும் அப்படித்தான். இவற்றைவிட முக்கியமானது எம்.டி.ஏ. என்ற சிமென்ட். 1990களில் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் டொராபினெஜாட் குழுவினர் உருவாக்கியது. வீடு கட்டும் போர்ட்லேண்ட் சிமென்டின் வம்சம், ஈரத்திலேயே இறுகும். நரம்பின் மேல்பகுதி மட்டும் கெட்டிருந்தால் அதை அகற்றி இதை வைத்து மூடி, மிச்ச நரம்பை உயிரோடு விட்டுவிட முடிகிறது. பெரியவர்களின் பல்லிலும் இது பலிப்பதாகக் கடந்த சில ஆண்டுகளின் அனுபவம் சொல்கிறது. ஆகவே, "முழு ரூட் கேனல் இல்லாம நரம்பைக் காப்பாத்த முடியுமா?" என்று கேட்டுவிடுங்கள். நரம்பு செத்த பிறகு கேட்டுப் பயனில்லை.

கடற்கரையில் கிரிக்கெட் ஆடி முன்பல்லில் அடிபட்டு வரும் பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. பல் முளைத்து மூன்று ஆண்டுகள்வரை வேர் நுனி மூடாமல் திறந்திருக்கும். அந்த வயதில் நரம்பு செத்துவிட்டால் உள்ளே சுத்தம் செய்து, நுனியிலிருந்து ரத்தத்தைக் கசியவிட்டு, அது உறைந்ததும் மேலே மூடுகிறோம். வேர் மேற்கொண்டு வளர வாய்ப்புண்டு. 2001இல் ஜப்பானிய மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு சிறுமியின் சிகிச்சைக்குப் பின் பரவிய முறை. ஐம்பது வயதுக்காரர் இதைக் கேட்டு வந்தால் வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.

சுத்தம் செய்த வேரை நிரப்பும் குட்டா பெர்ச்சா மலாயாக் காட்டு மரத்தின் பாலிலிருந்து வருவது. தாத்தா பினாங்குக்குக் கப்பலேறிய குடும்பங்கள் நிறைய உள்ள ஊர் இது. ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னபோது, "அங்கேருந்து எனக்கும் ஏதோ வந்திருக்கு" என்று சிரித்தார்.

நிரப்பியதும் பாதி பேர் காணாமல் போகிறார்கள். வலி இல்லை, பல்லின் மேல் மாட்டும் உறையான கேப் எதற்கு என்று நினைப்பு. சொத்தையிலும் சிகிச்சையிலும் பாதி கரைந்த கடைவாய்ப் பல் அது. நம் ஊரில் நண்டுக்காலைப் பல்லால் கடித்துத்தான் உடைப்போம். 'டக்' என்ற சத்தத்தோடு பல் மேலிருந்து வேர்வரை இரண்டாகப் பிளந்து வந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. பணம்தான் தடை என்றால் சிதம்பரத்தில் ராஜா முத்தையா என்று நாம் அறிந்த பல் மருத்துவக் கல்லூரியோ, புதுச்சேரியின் மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரியோ இருக்கிறது. அலைச்சல் உண்டு, செலவு குறையும்.

பிரான்சுக்கோ வளைகுடாவுக்கோ திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு வந்து 'முடிச்சு விடுங்க' என்பவர்களுக்கு: பாதியில் நிற்கும் பல், விமானம் மேலேறும்போது வலியெடுக்கலாம். வந்து இறங்கிய வாரமே காட்டுங்கள்.

விசைப்படகில் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். கையில் காசு குறைவான மாதங்கள்தான், ஆனால் நேரம் இருப்பதும் அப்போதுதான். நடுக்கடலில் கன்னம் வீங்கினால் கரை திரும்ப நாளாகும். ஜூன் மாதம் வந்தால் கேப் போடும் முன்பே படகு கிளம்பிவிடுகிறது. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏப்ரல் கடைசியிலேயே வாருங்கள்.