வேலைக்குத் திரும்பும் தாயும் இஸ்திகாராவும்

மத்யன் ஊரின் நீர்த்துறையில், ஆண்களின் கூட்டத்தில் கலவாமல், தங்கள் ஆடுகளைத் தடுத்து நிறுத்திக்கொண்டு ஒதுங்கி நின்ற இரு பெண்களைப் பற்றித் திருக்குர்ஆனின் ‘கஸஸ்’ அத்தியாயம் கூறுகிறது. தந்தையார் மிக முதியவர் என்பதே அவர்கள் மூஸா (அலை) அவர்களுக்குச் சொன்ன காரணம். தேவை இருந்ததால் வெளியே வந்தார்கள். நாணம் இருந்ததால் ஒதுங்கி நின்றார்கள். அல்லாஹுத்தஆலா அவர்களைக் குறை கூறவில்லை.

ஏற்காட்டை அடுத்த நாகலூரிலிருந்து ஒரு சகோதரி நம்மிடம் கேட்டிருக்கும் கேள்விக்கு இதிலிருந்தே விடை தொடங்குகிறது. திருமணத்திற்கு முன் கணக்கெழுதும் வேலை பார்த்தவர். இளைய பிள்ளை இவ்வாண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டது. கணவருக்குக் கடன் இருக்கிறது. இப்போது இரண்டு வேலைகள் வந்துள்ளன. ஒன்று, நடந்து போகும் தூரத்தில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தில், சம்பளம் குறைவு. மற்றொன்று சேலத்தில்; சம்பளம் கூடுதல். ஆனால் பிள்ளைகள் விழிக்குமுன் புறப்பட்டு, மஃரிபுக்குப் பின்பே வீடு திரும்ப வேண்டும். “மாமியார் இஸ்திகாரா தொழுது கனவில் வெண்ணிறம் கண்டார்கள், சேலத்து வேலைதான் என்கிறார்கள். என் மனம் ஒப்பவில்லை. நான் பாவியா?” என்று கேட்கிறார்.

இல்லை, சகோதரியே! இஸ்திகாராவை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குர்ஆனின் அத்தியாயத்தைக் கற்பிப்பது போலக் கற்பித்தார்கள் என ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பதை ‘புகாரி’யில் காண்கிறோம். ஒரு காரியத்தை நாடியவர் பர்ளு அல்லாத இரண்டு ரக்அத் தொழுது, இது என் மார்க்கத்திற்கும் வாழ்வுக்கும் முடிவுக்கும் நன்மையானால் எனக்கு எளிதாக்கு, தீமையானால் என்னைவிட்டு இதனைத் திருப்பிவிடு என்ற கருத்தில் துஆச் செய்ய வேண்டும். அந்த நபிமொழியில் கனவும் இல்லை, நிறமும் இல்லை. காரியத்திற்கு உரியவரே தொழ வேண்டும் என்பதும் அதிலிருந்து விளங்குகிறது. பெரியவர்களின் துஆவை நாம் மதிப்போம். ஆனால் அவர்கள் கண்ட கனவு உங்களுக்குச் சட்டமாகாது.

இஸ்திகாராவுக்கு முன் செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது, விசாரணை. செய்யும் தொழில் ஹலாலா? வட்டிக் கணக்கெழுதும் இடமானால் சம்பளத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்நிய ஆடவர் ஒருவருடன் தனி அறையில் இருக்க நேருமா? தோட்டம் அருகில் உள்ளது என்பதாலேயே இக்கேள்வி விலகிவிடாது. காப்பிப் பழம் பறிக்கும் கார்த்திகை முதல் மாசி வரை கூலிக் கணக்கு மிகும். அப்போது எந்நேரம் வரை இருக்கச் சொல்வார்கள்? மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்திய பெரியவர் எட்டு ஆண்டுகள் என்றும், பத்தாக்கினால் அது அவர் விருப்பம் என்றும் முதலிலேயே பேசி முடித்தார். நாமும் பேசி முடிக்க வேண்டும்.

இரண்டாவது, பிள்ளைகளின் உரிமை. பால்குடி மறக்கச் செய்வதைக்கூடப் பெற்றோர் இருவரும் மனமொப்பி ஆலோசித்தே செய்யும்படி ‘பகரா’ அத்தியாயம் (2:233) கூறுகிறது. அவ்வாறிருக்க, தாய் பொழுதெல்லாம் வீட்டில் இல்லாதிருப்பதை ஒருவர் மட்டும் முடிவு செய்யலாமா? ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டுமென 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. தாயின் வேலையோடு பிள்ளையின் பாதுகாப்பும் சேர்ந்தது என்பதை நாட்டுச் சட்டமே உணர்ந்திருந்தது. சேலத்துச் சம்பளத்தில் பஸ் கட்டணத்தையும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவருக்குக் கொடுப்பதையும் கழித்துப் பாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தினமும் இருமுறை கடக்கும் களைப்பையும் கணக்கில் சேருங்கள்.

மூன்றாவது, மஷூரா. பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் இருவரிடமும் உள்ள குறையை ஒளிக்காமல் சொன்னார்கள். அந்த அலுவலகங்களில் வேலை பார்த்த பெண்களிடம் கேளுங்கள். கேட்கப்பட்டவரும் உண்மையைச் சொல்லட்டும்.

கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. குடும்பச் செலவு உங்கள் கடமை. மனைவியின் சம்பளம் அவளுடைய சொத்து. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) அவர்கள் தம் பொருளைக் கணவருக்குச் செலவிடுவது பற்றிக் கேட்டபோது, உறவைப் பேணிய கூலி, தர்மத்தின் கூலி என இரண்டு கூலிகள் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அவள் மனமுவந்து உங்கள் கடனை அடைத்தால் அது அவள் செய்யும் தர்மம். நீங்கள் கேட்டு வாங்கும் பாக்கி அல்ல. கூடுதல் சம்பளம் கூடுதல் கடனை அடைக்கும் என்பதற்காக அவளைச் சேலத்திற்கு நெருக்குவது முறையன்று.

சகோதரியே, தோட்ட அலுவலகத்தில் வேறொரு பெண்ணும் பணி செய்கிறாரா, நேரத்தை வரையறுத்துச் சொல்கிறார்களா என விசாரியுங்கள். இரண்டிற்கும் நல்ல பதில் கிடைத்தால், குறைந்த சம்பளமாயினும் அதுவே பொருத்தமானதென நமக்குத் தோன்றுகிறது. கணவருடன் கலந்து பேசி முடிவுக்கு வாருங்கள். பிறகு நீங்களே இரண்டு ரக்அத் தொழுங்கள். கனவுக்குக் காத்திராமல் காரியத்தில் இறங்குங்கள். வழி எளிதானால் புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. தடைப்பட்டால் அதுவும் நீங்கள் கேட்ட துஆவின் பதிலே.

வல்ல நாயன் நம் இல்லங்களுக்கு ஹலாலான ரிஸ்கையும், அதில் பரக்கத்தையும், கிடைத்ததைக் கொண்டு திருப்தியுறும் உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.